பதினெட்டு வயதில் ஓர் ஆய்வுக் கட்டுரை

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

சர் சி.வி. இராமன் என்றதும் நம் நினைவுக்கு வருவன கடலின் நீலமும் நோபல் பரிசும் பிப்ரவரி 28 ஆம் நாளும்தாம். அவற்றைப் பள்ளிப் பாடநூலே நமக்குச் சொல்லிவிட்டது. நான் இங்கே எழுத விரும்புவது வேறோர் இராமனைப் பற்றி. தலைப்பாகைக்குள் தலை நிமிர்ந்து நிற்கும் அந்தப் பெரிய விஞ்ஞானியைப் பற்றியன்று. சென்னைக் கடற்கரைக்கு எதிரே மாநிலக் கல்லூரியின் ஆய்வகத்தில், தேர்வுக்குரிய சோதனையைச் செய்துகொண்டிருந்த ஒல்லியான மாணவனைப் பற்றி.

காரணம் இல்லாமலில்லை. இறுதியாண்டு மாணவர் யாவரும் செய்திட்டம், அதாவது நாம் எல்லோரும் சொல்லும் ‘ப்ராஜெக்ட்’, செய்து கொடுக்கும் பருவம் இது. வேதியியல் நண்பர்கள் ஊர்க் கிணற்று நீரைப் புட்டியில் அடைத்துக்கொண்டு அலைகிறார்கள். தாவரவியலார் ஏரிக்கரையில் இலை பறிக்கிறார்கள். பொருளாதாரத் துறையினர் வினாத்தாளுடன் வீடு வீடாகச் செல்கிறார்கள். இந்நேரத்தில் நடைவழியில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்றுண்டு: நம்மிடம் இருக்கும் கருவிகளை வைத்துக்கொண்டு என்ன ஆராய்ச்சி செய்துவிட முடியும்? பழைய ஏட்டின் அட்டையை மாற்றிக் கொடுத்தால் போதாதா? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. முதற் கேள்வி நியாயமானது. அதற்கு 1906 ஆம் ஆண்டில் ஒருவர் பதில் சொல்லிவைத்திருக்கிறார்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 ஆம் நாள் இராமன் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். தந்தை கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். வயலின் வாசிப்பதில் நாட்டமுள்ளவர். அவருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே குடியேறிற்று. வீட்டில் புத்தக அலமாரி இருந்தது, இசை இருந்தது. பணம் மட்டும் மிகுதியாக இல்லை. பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறிய சிறுவன், சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தபோது, வழி தவறி வகுப்புக்குள் வந்துவிட்ட பள்ளிப் பையனோ என்று ஆங்கிலப் பேராசிரியர் ஐயுற்று விசாரித்தாராம். 1904 இல் அந்தப் பையனே பல்கலைக்கழகத்தில் முதலாவதாகத் தேறித் தங்கப் பதக்கமும் பெற்றான்.

இங்கிலாந்து சென்று படிக்கும்படி ஆசிரியர்கள் தூண்டினார்கள். மருத்துவப் பரிசோதனையில், அந்த நாட்டுக் குளிரை இந்த உடல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே இராமன் மாநிலக் கல்லூரியிலேயே எம்.ஏ. வகுப்பில் தொடர்ந்தார். அந்த டாக்டருக்கு நம் நாடு நன்றி சொல்ல வேண்டும் என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது சற்று மிகையாகவே படுகிறது. போயிருந்தால் அங்கும் ஏதாவது செய்திருப்பார்.

இயற்பியல் பேராசிரியர் ஜோன்ஸ் என்பவர் ஆங்கிலேயர். அவர் பெரிய ஆராய்ச்சியாளர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அவர் செய்த ஒரு காரியம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. இந்த மாணவனுக்கு வகுப்பில் உட்கார்ந்து கேட்க வேண்டியது அதிகமில்லை என்று கண்டு, ஆய்வகத்தில் அவன் விருப்பம்போல் வேலை செய்ய விட்டுவிட்டார். வருகைப் பதிவேட்டைக் காட்டி மிரட்டவில்லை. நூலகத்தில் எல்ம்ஹோல்ட்சின் ஒலியியல் நூலும் ராலே பிரபுவின் நூல்களும் இருந்தன. இராமன் அவற்றைத் தாமாகவே எடுத்துப் படித்தார். பாடத்திட்டம் அவற்றைக் கேட்கவில்லை.

இனி அந்தச் சோதனைக்கு வருவோம். நிறமாலைமானியின் மேடையில் முப்பட்டகத்தை வைத்து அதன் கோணத்தை அளப்பது, இயற்பியல் படிக்கும் எவரும் தப்பிக்க முடியாத சோதனை. நானும் செய்திருக்கிறேன், இதைப் படிக்கும் இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கையரும் செய்திருப்பார்கள். முப்பட்டகத்தின் பக்கத்தில் பட்டு மீளும் பிளவின் பிம்பத்தைத் தொலைநோக்கியில் பிடித்து, குறுக்குக் கம்பியில் பொருத்தி, வெர்னியரைப் படித்து, ஏட்டில் எழுதிவிட்டு நகர்வதே நம் வழக்கம். இராமன் நகரவில்லை. ஒளிக்கதிர் முப்பட்டகத்தின் பக்கத்தை ஏறத்தாழத் தடவிக்கொண்டு செல்லும்படி சாய்ந்து விழும்போது, பிம்பத்தின் இருபுறமும் கறுப்பும் ஒளியுமான வரிகள் தோன்றுவதை அவர் கண்டார். வரிகள் தோன்றுவது புதிதன்று. விளிம்பு விளைவினால் வருவன அவை. ஆனால் அவை இருபுறமும் ஒரே அகலத்தில் இல்லை. ஒரு புறம் அகன்றும் மறுபுறம் நெருங்கியும் இருந்தன. பாடநூலில் இருந்த படமோ இருபுறமும் சமமாகவே காட்டியது.

ஏன் இந்தச் சமமின்மை? ஒரு நீள்சதுரத் துளையின் மீது ஒளி நேராக விழுந்தால், விலகும் கோணத்தின் சைன் மதிப்பு ஒவ்வொரு கறுப்பு வரிக்கும் ஒரே அளவாகக் கூடிக்கொண்டு போகும். சுழியத்துக்கு அருகில் கோணமும் சைனும் ஒன்றாகவே வளர்வதால் வரிகள் சம இடைவெளியில் அமைகின்றன. ஆனால் கதிர் 90 பாகைக்கு மிக அருகில் சாய்ந்து விழும்போது நிலைமை வேறு. அங்கே கோணம் கூடினாலும் சைன் மெதுவாகவே கூடுகிறது. ஆகவே சைன் அதே ஓர் அளவு கூட வேண்டுமென்றால் கோணம் அதிகமாக நகர வேண்டும். பரப்பை நோக்கிய புறத்தில் வரிகள் அகல்கின்றன, எதிர்ப்புறத்தில் நெருங்குகின்றன. அவ்வளவுதான் கருத்து. பன்னிரண்டாம் வகுப்புத் திரிகோணம் தெரிந்தவர் புரிந்துகொள்ளக் கூடியது.

நம் ஆய்வக முப்பட்டகத்தின் பக்கம் 3 செ.மீ. அகலம் என்றும், சோடியம் விளக்கின் அலைநீளம் 589 நானோமீட்டர் என்றும், படுகோணம் 89 பாகை என்றும் கொண்டு நான் கணக்கிட்டுப் பார்த்தேன். அந்தச் சாய்வில் 3 செ.மீ. அகலமுள்ள பக்கம் ஒளிக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்த் துளையாகவே தெரிகிறது. ஐந்தாவது கறுப்பு வரி ஒரு புறம் நடுவிலிருந்து சுமார் 24 கலை தூரத்திலும், மறுபுறம் சுமார் 17 கலை தூரத்திலும் வரும். ஏழு கலை வேறுபாடு! நம் வெர்னியர் ஒரு கலையைக் காட்டும். அதாவது, இராமன் கண்டதைக் காண்பதற்கு வேண்டிய கருவி நம் ஆய்வகத்தில் மூன்றாவது மேசையில் துணி போர்த்தி இருக்கிறது. ஒரு மாலை முழுதும் இருட்டறையில் முயன்று நானும் என் தோழியும் அதைப் பார்த்தோம். ஒளி மிக மங்கல். கண் பழக நேரமாகும். ஆனால் பார்க்க முடிகிறது.

இராமன் அளந்தார், கணக்கோடு ஒப்பிட்டார், எழுதினார். எழுதியதைப் பேராசிரியர் ஜோன்சிடம் கொடுத்தார். மாதங்கள் சென்றன, கருத்து ஒன்றும் வரவில்லை. மாணவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, கட்டுரையை நேரே லண்டனுக்கு, ‘பிலசாபிகல் மாகசின்’ என்ற புகழ்பெற்ற இதழுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். 1906 நவம்பர் இதழில் அது அச்சாயிற்று. நீள்சதுரத் துளையினால் உண்டாகும் சமச்சீரற்ற விளிம்பு விளைவு வரிகள் என்பது அதன் பொருள். அந்த மாதத்தில்தான் இராமனுக்குப் பதினெட்டு வயது நிரம்பிற்று. வகுப்பால் எம்.ஏ.; வயதால் நம் முதலாம் ஆண்டு மாணவருக்கு இணை. அடுத்த ஆண்டிலேயே திரவங்களின் பரப்பு இழுவிசையை அளக்கும் முறை பற்றி மற்றொரு குறிப்பும் அதே இதழில் வந்தது. ராலே பிரபு அவருக்குக் கடிதம் எழுதியபோது, எழுதியவர் மாணவர் என்று அறியாமல் பேராசிரியர் என்றே விளித்தார் எனச் சொல்வர்.

இந்த இடத்தில் பொருளாதாரத் துறை நண்பர்கள் குறுக்கிடலாம். முப்பட்டகமும் விளக்கும் உள்ளவர்களுக்கு இது சரி. எங்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம்தானே இருக்கிறது என்று கேட்கலாம். அவர்களுக்கும் அதே சென்னையிலிருந்தே, ஏறத்தாழப் பத்து ஆண்டு கழித்து நடந்த ஒரு செய்தி உண்டு. 1915 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களிடம் ஒரு வினாப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊருக்குப் போய் நிலம், கூலி, கடன், கால்நடை, உணவு ஆகியவற்றை விசாரித்து எழுதி வரச் சொன்னார். அவர்கள் எழுதி வந்தவை 1918 இல் நூலாயின. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், நெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், வடார்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பக்கத்துப் பாலக்குறிச்சி ஆகிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. 1936-37 இல் பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் அந்த ஊர்களுக்கு மறுபடியும் ஆய்வு நடத்தினார்கள். 1960-களிலும் 1980-களிலும் பிறகும்கூட ஆய்வாளர்கள் அவற்றுள் சில ஊர்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்றார்கள். ஒரு நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் கிராமம் எவ்வாறு மாறிற்று என்று இன்று யார் ஆராய்ந்தாலும், கோட்டின் தொடக்கப் புள்ளியாக நிற்பது அந்த மாணவர்கள் விடுமுறையில் எழுதிய குறிப்புகளே. அவர்கள் தம் சொந்த ஊரைத்தான் பார்த்தார்கள். தினமும் பார்த்த ஊரை, எண்ணிப் பார்த்தார்கள்.

இராமனின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். 1907 இல் எம்.ஏ. தேறியாயிற்று. விஞ்ஞானத்தில் வேலை ஏது? நிதித்துறைத் தேர்வு எழுதி முதலிடம் பெற்று, லோகசுந்தரி அம்மையாரை மணந்து, அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் உதவிக் கணக்காய்வுத் தலைவராகப் பதவி ஏற்றார். அரசாங்க உத்தியோகம், நல்ல சம்பளம், வயது பத்தொன்பது நிரம்பவில்லை. பெரும்பாலோர் கதை இங்கே முடிந்திருக்கும்.

அலுவலகத்துக்கு டிராமில் செல்லும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம். 1876 இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர், இந்தியர் தம் கையாலேயே விஞ்ஞானம் செய்ய வேண்டும் என்ற ஆசையோடு நிறுவியது. அவர் 1904 இல் காலமாகும்வரை அந்த ஆசை நிறைவேறவில்லை. கருவிகள் தூசி படிந்து கிடந்தன. இராமன் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் தே என்ற பணியாளர். கல்லூரிப் படிப்பு இல்லாத அவரே பின்னர் பல ஆண்டுகள் இராமனுடைய வலக்கையாக இருந்தார். அவருடைய பெயரும் ஆய்விதழ்களில் அச்சேறியது.

அதன்பின் பத்து ஆண்டுகள் இராமனின் நாள் எவ்வாறு கழிந்தது என்பதை எழுதவே எனக்கு மூச்சு வாங்குகிறது. விடியற்காலை ஐந்தரைக்குச் சங்கத்தில். பத்து மணிக்குள் வீடு வந்து உடை மாற்றி அலுவலகம். மாலை ஐந்துக்கு மீண்டும் சங்கம். இரவு ஒன்பதரை, பத்துக்கு வீடு. ஞாயிறும் அங்கேதான். இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தபோது வீட்டிலேயே சோதனைகள் நடந்தன. ஏக்தாரா, வயலின், வீணை, மிருதங்கம் ஆகியவை எல்லாம் ஆய்வுப் பொருளாயின. தோற்கருவியின் மேல்தொனிகள் பொதுவாக இசைக்கு ஒத்துவராதவை. நம் மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கரிய பூச்சு அவற்றைச் சுருதியோடு ஒத்திசையச் செய்கிறது என்று அவர் காட்டினார். இதுவும் வீட்டில் கிடந்த பொருள்தான்.

1917 இல் சர் ஆசுதோஷ் முகர்ஜி அழைக்க, சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று தெரிந்தும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியரானார். 1921 இல் கப்பற் பயணம், மத்தியதரைக் கடலின் நீலம், கையில் ஒரு நிகல் பட்டகம், பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம். இவை யாவரும் அறிந்தவை. நான் ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். 1928 பிப்ரவரி 28 இல் கண்ட விளைவு ஒருநாள் அதிர்ஷ்டமன்று. சிதறிய ஒளியில் விடாமல் தென்பட்ட மெல்லிய ஒளித்தடத்தை 1923 இல் கே.ஆர். இராமநாதன் குறித்தார். வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் ஆய்வகம் வந்த வேங்கடேசுவரன் கிளிசரினில் பச்சை சாயலுள்ள ஒளியைக் கண்டார். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் நாள்தோறும் இராமனுடன் திரவம் திரவமாகச் சோதித்தார். மாணவர் கண்ட சிறு குறையைத் தள்ளிவிடாமல் ஐந்தாண்டு துரத்தியதன் பயனே 1930 இன் நோபல் பரிசு.

அந்த 1928 இன் கோடை விடுமுறையில் இராமனின் அண்ணன் மகன் ஒருவர் கல்கத்தா ஆய்வகத்துக்கு வந்து தங்கினார். அவரும் மாநிலக் கல்லூரியில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்தவர். சோதனை அவர் கைக்கு வரவில்லை, கணிதம் வந்தது. அடுத்த ஆண்டிலேயே, பட்டம் பெறும் முன்னரே, அவருடைய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. அவர்தாம் எஸ். சந்திரசேகர்.

இதுவரை எழுதியதோடு நிறுத்தினால் இக்கட்டுரை வாழ்த்துப் பாவாகிவிடும். நான் ஒரு மாணவி என்பதால் மேலும் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1933 இல் இராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அதே ஆண்டில், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சிறப்பாகத் தேறிய கமலா பகவத் என்ற மாணவி அங்கே ஆய்வு செய்ய விண்ணப்பித்தார். பெண் என்பதற்காகவே இராமன் மறுத்தார். கமலா பெங்களூருக்கே வந்து, இடம் தரும்வரை போவதில்லை என்று உறுதியாக நின்றார். ஓராண்டுக் காலம் தகுதி பார்த்த பிறகே முறையான மாணவியாக ஏற்பது என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்த அந்த ஓராண்டுக்குப் பின் இராமன் மனம் மாறினார். மற்றப் பெண்களுக்கும் கதவு திறந்தது. 1939 இல் கேம்பிரிட்ஜில் கமலா முனைவர் பட்டம் பெற்றார். கமலா சோகோனி என்று நாம் அறிந்தவர் அவரே.

பதினேழு வயதில் தமக்கு ஆய்வகத்தின் சாவியைப் போன்றதோர் உரிமை கேள்வியின்றிக் கிடைத்ததை இராமன் மறந்திருக்க முடியாது. பத்தொன்பதாம் வயதில் முன்பின் அறியாதவர் கதவு திறந்ததையும் மறந்திருக்க முடியாது. அப்படிப்பட்டவர் ஏன் அந்தக் கதவை ஒரு பெண்ணுக்கு மூடினார் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அக்கால வழக்கம் என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பாடநூல் படத்தையே நம்பாத கண் அவருடையது. வழக்கத்தை மட்டும் ஏன் நம்பிற்று? அவருடைய பெருமையை இது குறைக்கிறதா என்று கேட்டால், அந்த இடத்தில் குறைக்கிறது என்றே சொல்வேன்.

1940 இல் அன்னா மணி அவரிடம் ஆய்வுக்குச் சேர்ந்தார். அவரும் சென்னை மாநிலக் கல்லூரி மாணவி. இராமன் நிறமாலைமானியோடு நின்ற அதே கல்லூரி. வைரங்களும் மாணிக்கங்களும் ஒளிர்வதை ஆராய்ந்தார். ஒளி மிக மங்கலாதலால் ஒரு புகைப்படத் தகட்டுக்குப் பதினைந்து, இருபது மணி நேரம்கூட ஒளி காட்ட வேண்டும். பல இரவு ஆய்வகத்திலேயே தங்கினார். ஐந்து கட்டுரைகள் வெளியாயின. 1945 இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தபோது, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று கூறி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் வருந்தி உட்கார்ந்துவிடவில்லை. வானிலைத் துறையில் சேர்ந்து, மழைமானி முதல் கதிரவன் வெப்பத்தை அளக்கும் கருவி வரை நம் நாட்டிலேயே செய்ய வழிகாட்டி, துணைத் தலைமை இயக்குநராக 1976 இல் ஓய்வு பெற்றார்.

இராமன் 1948 இல் தாமே ஓர் ஆராய்ச்சி நிலையத்தைப் பெங்களூரில் அமைத்து, இறுதி வரை மலர்களின் நிறத்தையும் வைரத்தின் ஒளியையும் பார்த்துக்கொண்டிருந்தார். 1954 இல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21 இல் காலமானார். அவர் விரும்பியபடி அந்த நிலையத்தின் தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. அவ்வளாகத்தின் நூலகத்தில், பட்டம் பெறாத அன்னா மணியின் ஆய்வேடு கட்டடம் செய்து வைக்கப்பட்டிருக்கிறது.